வாங்குவதும் கிடைப்பதும்: அமெரிக்கத் துப்பாக்கியின் நூறாண்டுக் கணக்கு

1963 மார்ச் மாதத்தில் சிக்காகோ நகரத்தின் க்ளைன்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடைக்கு டல்லாஸிலிருந்து ஒரு தபால் வந்தது. 'அமெரிக்கன் ரைஃபிள்மேன்' இதழில் வெளியான விளம்பரத்திலிருந்து வெட்டியெடுத்த கூப்பனும், 21 டாலர் 45 சென்ட்டுக்கு ஒரு மணியார்டரும் அதில் இருந்தன. தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ராணுவ ரைபிளுக்கு 19 டாலர் 95 சென்ட், அனுப்பும் செலவுக்கு ஒன்றரை டாலர். பெயர் ஏ. ஹிடெல், முகவரி, ஒரு தபால்பெட்டி எண். அந்தப் பெயரில் ஓர் ஆள் இருக்கிறாரா, அவருக்கு வயது என்ன, சிறைக்குப் போனவரா என்று யாரும் கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. கடை பொட்டலத்தைக் கட்டி அனுப்பியது. கூப்பனை நிரப்பியவரின் உண்மைப் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி அந்த ரைபிளிலிருந்து பாய்ந்த தோட்டாக்கள் ஜான் எஃப். கென்னடியைக் கொன்றன. இன்றைக்கு இப்படித் துப்பாக்கி வாங்க அமெரிக்காவில் சட்டப்படி வழியே இல்லை. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதானால், முன்பைவிட இப்போது துப்பாக்கி வாங்குவது கடினம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் இன்றைய அமெரிக்காவில் மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை அதிகம் என்பதும் உண்மைதான். இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள்தான் இந்த வாதத்தில் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று திட்டிக்கொள்கிறார்கள். வாங்குவது வேறு, கிடைப்பது வேறு. முதலாவது கடினமாகியிருக்கிறது, இரண்டாவது எளிதாகியிருக்கிறது என்பதே நான் நிறுவ விரும்புவது.

கடை மேசையிலிருந்தே தொடங்கலாம். 1901-இல் அதிபர் மெக்கின்லியைச் சுட்ட லியோன் சோல்கோஷ், பஃபலோ நகரத்தின் ஒரு கடையில் நாலரை டாலர் கொடுத்து ரிவால்வரை வாங்கினார். ஆணி, சுத்தியல் வாங்குவதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கவில்லை. சியர்ஸ் ரோபக், மான்ட்கோமரி வார்ட் போன்ற நிறுவனங்களின் தடித்த விலைப்பட்டியல் புத்தகங்களில் தையல் இயந்திரத்துக்கும் குதிரைச் சேணத்துக்கும் நடுவே துப்பாக்கிகளும் அச்சாகியிருந்தன. பண்ணை வீட்டு வாசலுக்கே வந்து சேரும். நியூயார்க் மாகாணம் 1911-இல் கைத்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்றது. 1927-இல் கைத்துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று மத்தியச் சட்டம் வந்தது. ஆனால் தடை அரசுத் தபால்துறைக்கு மட்டும்தான், தனியார் பார்சல் நிறுவனங்கள் தொடர்ந்து கொண்டுபோய்க் கொடுத்தன. சிக்காகோ கும்பல்கள் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியால் தெருவை ரத்தக்களமாக்கிய பிறகு, 1934-இல் அத்தகைய ஆயுதங்களுக்குப் பதிவும் 200 டாலர் வரியும் விதிக்கப்பட்டன. 1938-இல் வியாபாரிகளுக்கு உரிமம் வந்தது. அதற்குக் கட்டணம் ஒரு டாலர். சுருக்கமாக, இயந்திரத் துப்பாக்கியை விட்டுவிட்டால், பெரும்பாலான மாகாணங்களில் 1968 வரை ஒரு துப்பாக்கிக்கும் அதை விரும்பியவருக்கும் நடுவே நின்றது அதன் விலை மட்டும்தான்.

மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் இரண்டு மாத இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1968 அக்டோபரில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கூப்பன் வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மாகாண எல்லை தாண்டித் தனிநபருக்கு நேராக அனுப்பக் கூடாது. கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது, ரைபிளுக்கு 18. கடும் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு விற்கக் கூடாது. ஒவ்வொரு துப்பாக்கியிலும் வரிசை எண் பொறிக்க வேண்டும். ஆனாலும் வாங்குபவர் படிவத்தில் 'நான் குற்றவாளி அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், சரிபார்க்க ஆளில்லை. 1981-இல் அதிபர் ரேகனைச் சுட்டவர் ரிவால்வர் வாங்கியது டல்லாஸின் ஒரு அடகுக்கடையில். அந்தச் சம்பவத்தில் தலையில் குண்டு பாய்ந்து முடங்கிய பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் பெயரால் 1993-இல் சட்டம் வந்தது. 1998 நவம்பரில் எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிப் பின்னணிச் சோதனை தொடங்கியது. இன்று கடைக்குப் போகிறவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். குற்றத் தண்டனை, போதைப் பழக்கம், மனநலம் பற்றிய நீதிமன்ற உத்தரவு, குடும்ப வன்முறைத் தீர்ப்பு என்று கேள்விகள் நீளும். கடைக்காரர் விவரத்தை அனுப்புவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். கடைகளும் குறைந்துவிட்டன. 1990களின் தொடக்கத்தில் விற்பனை உரிமம் வைத்திருந்தவர்கள் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பலர் சமையலறை மேசையில் வைத்தே வியாபாரம் செய்தவர்கள். கட்டணத்தை உயர்த்தி, கைரேகையும் புகைப்படமும் கட்டாயம் என்றதும், பத்தாண்டுக்குள் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 1 லட்சமாகச் சுருங்கியது.

துப்பாக்கி உரிமைக்காரர்கள் இங்கேதான் தங்கள் வாதத்தை எழுப்புகிறார்கள். அன்றைக்குத் துப்பாக்கி கடைத்தெருவில் கிடந்தது, பள்ளிகளில் ரைபிள் குழுக்கள் இருந்தன, மாணவர்கள் ரைபிளோடு ரயிலேறினார்கள். நியூயார்க்கில் பள்ளி நாட்களில் தாமே அப்படிப் போனதாக உச்ச நீதிமன்ற நீதிபதி ஆண்டனின் ஸ்காலியா சொல்லியிருக்கிறார். அப்போது பள்ளிப் படுகொலைகள் இல்லை, சட்டங்கள் பெருகிய பிறகுதான் வந்தன, ஆகவே குறை துப்பாக்கியில் இல்லை என்பது அவர்கள் முடிவு. முதல் பாதியை நான் தயங்காமல் ஏற்கிறேன். இரண்டாவது பாதியில் ஓட்டை இருக்கிறது. அந்தப் பழைய காலம் அவர்கள் நினைப்பதுபோல அமைதியானதல்ல. மக்கள்தொகை விகிதத்தில் துப்பாக்கிச் சாவு உச்சம் தொட்ட ஆண்டு 1974, லட்சம் பேருக்கு 16.3. எண்ணிக்கையில் அதுவரை காணாத அளவாக 48,830 பேர் இறந்த 2021-இல்கூட விகிதம் 14.6 தான். அடுத்தது, அன்று பையன் தோளில் தொங்கிய ரைபிளும் இன்றைய ஆயுதமும் ஒரே பொருளல்ல. ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டாவை ஏற்ற வேண்டிய ரைபிளால் செய்ய முடிவதற்கும், விசையை அழுத்த அழுத்தச் சுட்டுக்கொண்டே போகும், முப்பது தோட்டா அடைத்த ஏ.ஆர்-15 வகை ரைபிளால் செய்ய முடிவதற்கும் உள்ள தூரத்தை, 2022 மே மாதம் டெக்சஸின் உவால்டி பள்ளி காட்டியது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் அங்கே இறந்தார்கள். சுட்டவன் 18 வயது நிறைந்த சில நாட்களுக்குள் அத்தகைய இரண்டு ரைபிள்களைச் சட்டப்படி வாங்கியிருந்தான்.

முன்பு எளிது என்று சொல்லும்போது யாருக்கு எளிது என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்ததும் மிசிசிப்பி முதலிய தென்மாகாணங்கள் இயற்றிய கறுப்பர் சட்டங்கள், விடுதலை பெற்ற அடிமைகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தன. 1956-இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல அலபாமாவில் அனுமதி கேட்டார்; அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். கறுஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பர் உரிமை இயக்கத்தினர் கலிபோர்னியாத் தெருக்களில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தியதும், 1967-இல் அதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர், பின்னாளில் துப்பாக்கி உரிமைக்காரர்கள் கொண்டாடிய ரேகன்தான். பழைய தாராளம் எல்லாருக்குமான தாராளமாக இருந்ததில்லை. இன்று படிவம் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறது.

இதைவிட வியப்பான தலைகீழ் மாற்றம் ஒன்று உண்டு. பழைய அமெரிக்காவில் வாங்குவதற்குத் தடையில்லை, ஊருக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதற்குத் தடை இருந்தது. சினிமாக்கள் நமக்குக் காட்டும் மேற்கு அமெரிக்கா வேறு; உண்மையான டூம்ஸ்டோன் நகரத்தில் 1881-இல் ஊருக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று நகராட்சி விதி இருந்தது, புகழ்பெற்ற ஓ.கே. கொட்டில் மோதலே அந்த விதியை நிலைநாட்டப் போனபோது நடந்ததுதான். டெக்சஸைப் பாருங்கள். 1871-இல் கைத்துப்பாக்கியோடு வெளியே நடமாடுவதை அந்த மாகாணம் தடைசெய்தது. அந்தத் தடை நூறாண்டுக்கும் மேல் நின்றது. 1995-இல்தான் பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்கள் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று தளர்த்தினார்கள். 2021 செப்டம்பரிலிருந்து அந்த உரிமமும் தேவையில்லை. இன்று 29 மாகாணங்களில் இதே நிலை. நியூயார்க்கின் 1911 சட்டத்தில், வெளியே எடுத்துச் செல்லத் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்றிருந்த பகுதியை 2022-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கடையின் வாசல் குறுகியது. தெருவின் வாசல் அகன்றுவிட்டது. ஒரு கார் நிறுத்தத் தகராறில் துப்பாக்கி கைக்கு எட்டுமா என்பதைத் தீர்மானிப்பது கடை வாசல் அல்ல.

இனி துப்பாக்கிக் குவியலுக்கு வருவோம். 2017 முடிவில் அமெரிக்கப் பொதுமக்களிடம் 39 கோடியே 30 லட்சம் துப்பாக்கிகள், அதாவது நூறு பேருக்கு 120-க்கும் மேல் இருந்ததாக ஜெனீவாவின் சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. 1986-இல் அந்நாட்டுத் தொழிற்சாலைகள் 30 லட்சம் துப்பாக்கிகள் செய்தன; 2020-இல் அது 1 கோடியே 10 லட்சம் அளவுக்கு ஏறியது. வகையும் மாறியது: 1980களின் இறுதிக்குள் ரிவால்வரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அதிகத் தோட்டா கொள்ளும் பிஸ்டல் முன்னே வந்தது. துப்பாக்கி என்பது துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்தால் நூறாண்டு உழைக்கும் சாமான். அரிசி போலத் தீர்ந்துபோகாது, கைப்பேசி போலப் பழசாகிக் குப்பைக்குப் போகாது. ஒவ்வோர் ஆண்டு உற்பத்தியும் முந்தைய ஆண்டுகளின் மேல் போய்ப் படிகிறது. சட்டங்கள் எல்லாம் மதகில் காவல் நிற்கின்றன, குளமோ நிரம்பிக்கொண்டே இருக்கிறது. மத்தியச் சட்டம் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்குவது உரிமம் பெற்ற வியாபாரிக்கு மட்டும்; ஒரு தனிநபர் தன் மாகாணத்துக்குள் இன்னொருவருக்கு விற்றால் அதற்குப் படிவமில்லை. இரண்டாண்டுக்குள் துப்பாக்கி பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் எந்தச் சோதனையும் இல்லாமல் பெற்றதாக 2017-இல் வெளியான தேசிய ஆய்வு கண்டது. குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்த சிறைக்கைதிகளிடம் 2016-இல் அரசுப் புள்ளிவிவரத் துறை விசாரித்தபோது, கடையில் வாங்கியவர்கள் பத்தில் ஒருவர்தான்; 43 சதவீதம் பேர் தெருவிலோ கள்ளச்சந்தையிலோ பெற்றிருந்தார்கள், நான்கில் ஒருவர் உறவினரிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ. கள்ளச்சந்தைத் துப்பாக்கி தனியாக எங்கும் முளைப்பதில்லை. கிட்டத்தட்ட எல்லாமே ஏதோ ஒரு கடை மேசையில் சட்டப்படி விற்கப்பட்டு, பிறகு கைமாறியோ திருடப்பட்டோ அங்கே போய்ச் சேர்ந்தவை. ஆண்டுக்குச் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் துப்பாக்கிகள் திருடுபோவதாக ஒரு மதிப்பீடு உண்டு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1970களில் பாதி வீடுகளில் துப்பாக்கி இருந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பொதுச் சமூகக் கணக்கெடுப்பின்படி 2010களில் மூன்றில் ஒரு வீட்டில்தான். வேட்டைக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள், கிராமங்கள் சுருங்கின. அப்படியானால் சாதாரண மனிதரின் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதும் குறைந்துவிட்டது என்றுதானே ஆகும்? ஓரளவுக்கு ஆம். குவியல் பரவலாக இல்லை: வயது வந்தோரில் 3 சதவீதம் பேரிடம் நாட்டின் துப்பாக்கிகளில் பாதி இருக்கிறது என்று 2015-இல் எடுத்த கணக்கெடுப்பு சொன்னது. ஆனாலும் இந்த மறுப்பு என் முடிவை அசைக்கவில்லை. விகிதம் குறைந்த அதே காலத்தில் மக்கள்தொகை 21 கோடியிலிருந்து 33 கோடியாகப் பெருகிவிட்டது. துப்பாக்கி உள்ள வீடுகளின் எண்ணிக்கையை அந்த வளர்ச்சி தாங்கிப் பிடித்தது. பதினேழு துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டில் திருடன் புகுந்தால், அவன் ஒன்றோடு திரும்புவதில்லை. மேலும் அந்தச் சரிவு நின்றுவிட்டதுபோலத் தோன்றுகிறது. 2019 ஜனவரிக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையே மட்டும் 75 லட்சம் பேர் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள் என்றும், அவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தாத்தாவின் வேட்டை ரைபிள் பரணில் இருந்த வீடுகள் குறைந்தன. தலையணைப் பக்கத்து இழுப்பறையில் தோட்டா நிரப்பிய பிஸ்டல் இருக்கும் வீடுகள் வந்தன.

கடையையே தவிர்த்துவிடும் புதிய வழியும் திறந்தது. அரைகுறையாகச் செய்த பாகங்களைப் பெட்டியில் வரவழைத்து, வீட்டில் துளையிட்டுப் பொருத்திக்கொள்ளும் பேய்த் துப்பாக்கிகளில் வரிசை எண்ணே கிடையாது. போலீசார் கைப்பற்றி மத்திய அமைப்புக்குத் தெரிவித்தவை 2017-இல் சுமார் 1,600. 2021-இல் 19 ஆயிரத்துக்கும் மேல். 2022-இல் அந்தப் பெட்டிகளுக்கும் வரிசை எண், சோதனை என்று விதி வந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அறுபதாண்டுக்கு முன் கூப்பன் செய்த வேலையை இணையம் செய்தது, அதைச் சட்டம் பின்னாலேயே ஓடிப் பிடித்தது என்று இதைச் சொல்லலாம்.

குற்றவாளி எப்படியும் தேடிக்கொள்வான், சட்டம் நேர்மையானவரைத்தான் தொல்லைப்படுத்தும் என்பது அடுத்த வாதம். இதற்கு மறுமொழி 1934-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு 200 டாலர் வரி, கிட்டத்தட்ட ஒரு தாம்சன் துப்பாக்கியின் விலை. பதிவு கட்டாயம், ஒவ்வொரு கைமாற்றமும் அரசுக்குத் தெரிய வேண்டும். 1986 மே மாதத்துக்குப் பிறகு புதிதாகச் செய்யும் இயந்திரத் துப்பாக்கியைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. விளைவு, பழைய இயந்திரத் துப்பாக்கி ஒன்றின் விலை இன்று பல்லாயிரம் டாலர். பதிவு பெற்ற அந்த ஆயுதங்கள் குற்றத்தில் பயன்படுவது மிக மிக அரிது. பிஸ்டலில் சின்னத் துண்டைச் செருகித் தொடர்ச்சியாகச் சுட வைக்கும் கள்ள உத்தி இப்போது பரவுகிறது என்பது உண்மை. ஆனால் அது பரவுவதே, பதிவுக்கு உட்படாத பிஸ்டல் ஏராளமாகக் கிடைப்பதால்தான். முதல் விற்பனையை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு கைமாற்றத்தையும் பார்த்த சட்டம் வேலை செய்தது. கைத்துப்பாக்கி வாங்க முன் அனுமதி வேண்டும் என்ற சட்டத்தை மிசூரி 2007-இல் நீக்கியது; அதன் பிறகு அங்கே துப்பாக்கிக் கொலைகள் கூடின. கனெக்டிகட் 1995-இல் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது; அங்கே குறைந்தன என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த ஆய்வுகளின் அளவீடுகளைப் பற்றி விவாதம் உண்டு; திசையைப் பற்றி எனக்கு ஐயமில்லை.

வாங்குவதற்கும் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளி மற்ற எந்த இடத்தையும்விட அதிகமாக வலிப்பது பிள்ளைகள் விஷயத்தில். 15 வயதுப் பையனுக்கு எந்தக் கடைக்காரரும் பிஸ்டல் விற்க முடியாது. ஆனால் பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து அமெரிக்க ரகசியப் பாதுகாப்புத் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, துப்பாக்கியால் தாக்கியவர்களில் நான்கில் மூன்று பேர் ஆயுதத்தைப் பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோதான் எடுத்திருந்தார்கள். 2021 நவம்பரில் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் நால்வரைக் கொன்ற மாணவன் பயன்படுத்திய பிஸ்டலை, நான்கு நாட்களுக்கு முன் அவன் தந்தை முறைப்படி கடையில் வாங்கியிருந்தார். சட்டத்தின் கண்ணில் அந்த விற்பனையில் ஒரு குறையும் இல்லை. 2024-இல் பெற்றோர் இருவரையும் நீதிமன்றம் தண்டித்தது, சாவுகள் நடந்த பிறகு. தற்கொலையும் இதே கதைதான். 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். மனம் உடைந்த அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் கடைக்குப் போய்ப் படிவம் நிரப்புவதில்லை, அலமாரியைத் திறக்கிறார்கள்.

1968-இல் ராபர்ட் கென்னடியைச் சுட்ட .22 ரிவால்வர் எந்தக் கூப்பனிலும் வந்ததல்ல. 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தபோது, பயந்துபோன முதியவர் ஒருவர் தற்காப்புக்காக அதைக் கடையில் வாங்கினார். பிறகு மகளிடம் கொடுத்தார். மகள் பக்கத்து வீட்டு இளைஞனிடம் கொடுத்தார். அந்த இளைஞன் 25 டாலருக்கு, பின்னர் ராபர்ட் கென்னடியைச் சுட்ட சிர்ஹான் சிர்ஹானின் தம்பியிடம் விற்றான். அந்தச் சாவு தந்த அதிர்ச்சியில்தான் அவ்வாண்டு அக்டோபர் சட்டம் பிறந்தது. ஆனால் அது அடைத்தது ஆஸ்வால்ட் வந்த பாதையை மட்டும். கலிபோர்னியா பின்னாளில், 1991-இல், தனிநபர் விற்பனையும் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று தன் எல்லைக்குள் அந்த மற்றப் பாதையையும் அடைத்தது. அண்டை மாகாணமான அரிசோனாவில் இன்றைக்கும் ஒருவர் தன் ரிவால்வரைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்கலாம். வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பத் தகுந்த காரணம் இருந்தோ விற்றால்தான் குற்றம். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கடமை விற்பவருக்கு இல்லை.